ஆஞ்சியோ, ட்ரிப்ஸ், ஆபரேஷன் முடிஞ்சப்புறம் ரத்தக்குழாய்ல அடிபட்டிருக்கான்னு பாக்குறது எப்படி

ஆஞ்சியோ (ரத்தக்குழாய்க்குள்ள மெலிசா ஒரு டியூப் விட்டுப் பாக்குறது) பண்ணப்போறோம், கழுத்துல லைன் போடப்போறோம், மூட்டு மாத்தப்போறோம்னு சொல்லி ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்குவாங்கள்ல, அதுல நடுவுல எங்கயாவது "ரத்தக்குழாய் காயம்"னு ஒரு வரி இருக்கும். யாரும் படிக்கிறதில்ல, படிச்சாலும் அப்படி ஆனா எப்படி தெரியும், நாம என்ன பண்ணணும்னு அந்த வரில இருக்காது. அதைத்தான் இங்க எழுதுறேன், டாக்டருங்களுக்கு இல்ல, பெட்ல படுத்திருக்குறவங்களுக்கும் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்குறவங்களுக்கும்.

இந்த மாதிரி காயம் பெரும்பாலும் சரி பண்ணக்கூடியதுதான், ஆனா நேரம் போயிடுச்சுன்னா கதையே வேற. ஒரு காலுக்கு ரத்தம் சுத்தமா நின்னுட்டா தசை தாங்குறது சுமார் 6 மணி நேரம்னு கணக்கு வச்சிருப்பாங்க, சிலருக்கு அவ்வளவு கூட கிடைக்காது. நர்ஸ் ஒருத்தங்க ஒரே நேரத்துல பல பெட்டை ஓடி ஓடி பாத்துட்டு இருப்பாங்க, உங்க கால் ஜில்லுன்னு ஆகுறது முதல்ல தெரியப்போறது உங்களுக்குத்தான். அதனால எதைப் பாக்கணும், எப்படி சொல்லணும்னு தெரிஞ்சு வச்சிருந்தா போதும், மத்தது அவங்க வேலை.

குழாய்க்கு என்ன ஆகும்னு சுருக்கமா சொல்லிடுறேன். குத்துன ஓட்டை அடையாம ரத்தம் வெளிய கசியலாம், குழாயோட உள் சுவர் கிழிஞ்சு மடிஞ்சு வழியை மறிக்கலாம், உள்ள ரத்தம் கட்டி அடைச்சுக்கலாம், இல்லைன்னா பக்கத்துப் பக்கத்துல ஓடுற ஆர்ட்டரியும் (இதயத்துல இருந்து ரத்தம் கொண்டு போற குழாய்) வெயினும் (இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வர்ற குழாய்) ஒரே குத்துல ஓட்டையாகி ரெண்டுக்கும் நடுவுல குறுக்கு வழி உண்டாகிடலாம். பாக்குறவங்க கண்ணுக்கு இது எல்லாம் ரெண்டே விதமாத்தான் தெரியும், ஒண்ணு குத்துன இடத்துலயோ வயித்துக்குள்ளயோ வீக்கம், வலி, ரத்தம், இன்னொண்ணு அந்த இடத்துக்குக் கீழ இருக்குற கை காலு ஜில்லுன்னு வெளுத்துப் போறது. கீழ எழுதுறதுல பெரும்பாலானது இந்த ரெண்டுல ஒண்ணுதான்.

போறதுக்கு முன்னாடி

ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக்குங்க, ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், டிகாக்ரெலார், வார்ஃபரின், அபிக்சபான், ரிவராக்சபான் இதுல எதுவா இருந்தாலும் பேரு, அளவு, கடைசியா எப்ப சாப்பிட்டீங்கன்னு. ரத்தம் நிக்காம போயிடும்னு பயந்து நீங்களா நிறுத்திடாதீங்க, ஸ்டென்ட் வச்சவங்க அப்படி நிறுத்தி ஸ்டென்ட் அடைச்சுக்கிட்டா ஹார்ட் அட்டாக்ல போய் நிக்கும். எதை நிறுத்தணும், எத்தனை நாள் முன்னாடின்னு டாக்டர் சொல்லணும், சொல்லலைன்னா நீங்களே கேளுங்க.

அதே பேப்பர்ல இதையும் எழுதுங்க: டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக கைல ஆர்ட்டரியையும் வெயினையும் சேத்து வச்ச இடம்) எந்தக் கைல இருக்கு, மார்பக ஆபரேஷன்ல அக்குள் நெறி எடுத்திருக்காங்களா எந்தப் பக்கம், தொடையிலயோ வயித்துலயோ ரத்தக்குழாய் பைபாஸ் பண்ணிருக்கா, முன்னாடி ஆஞ்சியோ பண்ணப்போ ஏதாவது தொந்தரவு வந்துச்சா. ஃபிஸ்டுலா இருக்குற கைல பிபி பாக்கவோ ஊசி குத்தவோ விடக்கூடாது, இதை நீங்க மயக்கத்துல இருக்கும்போது சொல்ல முடியாது, அதனால பேப்பர்லயும் இருக்கணும், கூட இருக்குறவங்க வாயிலயும் இருக்கணும்.

அப்புறம் ஒரு வேலை இருக்கு, ரெண்டு நிமிஷம்தான் ஆகும், யாரும் பண்றதில்ல. கால்ல பல்ஸ் எங்க அடிக்குதுன்னு முன்னாடியே தேடி வச்சுக்குறது. பாதத்துக்கு மேல் பக்கம், கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல இருந்து கணுக்கால் பக்கமா நேரா விரலை ஓட்டிட்டே வாங்க, பாதத்து நடுமேட்டுல ஒரு இடத்துல மெல்ல துடிக்கும். ரெண்டு விரல் நுனிய லேசா வைங்க, அழுத்தி வச்சா பல்ஸே காணாம போயிடும், கட்டை விரலால பாக்காதீங்க, உங்க பல்ஸே உங்களுக்குத் தெரியும். இன்னொரு இடம் உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி. ரெண்டு கால்லயும் பாத்து, கிடைச்ச இடத்துல பால்பாய்ன்ட் பேனால ஒரு சின்ன பெருக்கல் குறி போட்டு வைங்க. பாதத்து மேல அடிக்கிறது சிலருக்குப் பொறப்புலயே கிடைக்காது, சர்க்கரை இருக்குறவங்களுக்கும் ரொம்ப நாளா சிகரெட் பிடிச்சவங்களுக்கும் கிடைக்கிறது கஷ்டம். அதான் முன்னாடியே பாக்கணும்னு சொல்றேன், ஆஞ்சியோ முடிஞ்சு ராத்திரி பல்ஸ் இல்லைன்னு சொன்னா முதல் கேள்வியே "முன்னாடி இருந்துச்சா?"ன்னுதான் வரும்.

ஆஞ்சியோ டியூபை கைல போடுவீங்களா தொடையிலயான்னும் கேக்கலாம், தப்பே இல்ல. மணிக்கட்டு ஆர்ட்டரி தோலுக்குப் பக்கத்துல இருக்கு, கீழயே எலும்பு இருக்குறதால அழுத்துனா சட்டுன்னு நிக்கும், அது அடைச்சாலும் கைக்கு இன்னொரு ஆர்ட்டரி ரத்தம் கொண்டு வரும். 1989ல கனடா டாக்டர் லூசியன் காம்போ மணிக்கட்டு வழியா இதய ஆஞ்சியோ பண்ணதை எழுதினாரு, இன்னிக்கு பல ஆஸ்பத்திரில அதுதான் முதல் சாய்ஸ். ஆனா எல்லாருக்கும் ஒத்து வராது, இதய வால்வு மாதிரி பெரிய சாமான் உள்ள போகணும்னா தொடைதான், மணிக்கட்டு குழாய் அதுக்குப் பத்தாது. டாக்டர் தொடைன்னு சொன்னா ஏன்னு கேளுங்க, காரணம் சொல்லுவாங்க, பிடிவாதம் பிடிக்காதீங்க.

கழுத்துல சென்ட்ரல் லைன் (கழுத்து வெயின் வழியா இதயத்துப் பக்கம் வரைக்கும் போற டியூப்) போடுறாங்கன்னா "அல்ட்ராசவுண்ட் வச்சு பாத்துதானே போடுவீங்க?"ன்னு கேக்கலாம். கழுத்துல வெயினை ஒட்டியே மூளைக்குப் போற ஆர்ட்டரி ஓடுது, ஸ்கேன்ல பாத்துக் குத்துனா மாறிப் போற வாய்ப்பு குறையும். பிரிட்டன்ல மருத்துவ வழிகாட்டி போடுற நைஸ் அமைப்பு 2002லயே இதைப் பரிந்துரை பண்ணிருச்சு.

தொடை வழியா பண்ணிருந்தா

இதுக்குத்தான் நிறைய எழுதப்போறேன், ஏன்னா பிரச்சனை அதிகமா வர்றதும் இங்கதான், வீட்டு ஆளுங்க கவனிச்சு காப்பாத்த முடியுறதும் இங்கதான்.

1953ல ஸ்வென் இவார் செல்டிங்கர்னு ஒரு ஸ்வீடன் டாக்டர் ஒரு முறையைச் சொன்னாரு, ஊசியால குத்தி, ஊசி வழியா ஒரு கம்பியை உள்ள விட்டு, ஊசியை உருவிட்டு, கம்பி மேலயே டியூபை ஏத்துறது. வெட்ட வேண்டாம், தைக்க வேண்டாம். இன்னிக்கும் அதே முறைதான். தைக்காததால அந்த ஓட்டை தானாத்தான் அடையணும், அதுவும் பிரஷரோட ரத்தம் ஓடுற ஆர்ட்டரில. 6 ஃப்ரெஞ்ச் ஷீத்னு சொல்லுவாங்க, ஷீத்ங்குறது ஆர்ட்டரில ஏத்தி வைக்கிற டியூப், ஃப்ரெஞ்ச்ங்குறது அதோட சைஸ் கணக்கு, இதோட உள் அகலம் 2 மில்லிமீட்டர், வெளி அளவு அதைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவு பெரிய ஓட்டை அழுத்தத்தாலயும் நீங்க அசையாம இருக்குறதாலயும்தான் மூடுது. அதனாலதான் காலை மடக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்லுவாங்க, எரிச்சல் படாதீங்க.

சொன்ன நேரம் வரைக்கும், பொதுவா 2ல இருந்து 6 மணி நேரம், ஷீத் அளவையும் மருந்தையும் பொறுத்து கூடும், காலை நேரா நீட்டி படுங்க, தலைப்பக்கம் 30 டிகிரிக்கு மேல தூக்க வேண்டாம். தலையைத் தூக்கி எட்டிப் பாக்குறது, போனை எடுக்க எக்குறது இதெல்லாம் வயித்துத் தசையை இறுக்கும், அந்த அழுத்தம் நேரா தொடை இடுக்குல போய் விழும். இருமல், தும்மல், சிரிப்பு வந்தா கட்டு மேல உள்ளங்கையை வச்சு அழுத்திக்கிட்டு இருமுங்க. யூரின் படுத்தபடியேதான், கூச்சப்படாம கேளுங்க, அடக்கி வச்சு முக்குறதும் கெடுதல்.

கூட இருக்குறவங்க முதல் ஒரு மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அப்புறம் அரை மணிக்கு ஒரு தடவை பாருங்க. போர்வையை விலக்கிப் பாக்கணும், மேல இருந்து பாத்துட்டு கட்டு காஞ்சுதான் இருக்குன்னு விட்டுடக்கூடாது, ரத்தம் கீழ்ப்பக்கமா வழிஞ்சு தொடைக்கு அடியிலயும் இடுப்புக்கு அடியிலயும் தேங்கும், கையை அடியில விட்டுப் பாருங்க, ஈரமா வெதுவெதுப்பா இருந்தா உடனே கூப்பிடுங்க. அப்புறம் கட்டைச் சுத்தி மெல்ல தொட்டுப் பாருங்க, சாஃப்ட்டா இருக்கணும். கல்லு மாதிரி கெட்டியா மேடு தட்டுனா அந்த மேட்டோட ஓரத்துல பேனால கோடு போட்டு பக்கத்துல மணியை எழுதுங்க, அடுத்த தடவை பாக்கும்போது கோட்டைத் தாண்டி வந்திருந்தா அது வளருது. "கொஞ்சம் வீங்குன மாதிரி இருக்கு சிஸ்டர்"னு சொல்றதுக்கும் "3 மணிக்கு இந்தக் கோடு, இப்ப இங்க வந்திருக்கு"ன்னு சொல்றதுக்கும் கிடைக்கிற வேகமே வேற.

கடைசியா ரெண்டு பாதத்தையும் ஒரே நேரத்துல ரெண்டு கையால தொட்டு ஒப்பிட்டுப் பாருங்க, சூடு ஒண்ணா இருக்கா, நிறம் ஒண்ணா இருக்கா, பேனா குறி போட்ட இடத்துல துடிக்குதா, விரலை அசைக்கச் சொன்னா அசைக்கிறாங்களா. ஏசி ரூம்ல ரெண்டு காலும் ஜில்லுன்னுதான் இருக்கும், ஒரு காலு மட்டும் ஜில்லுன்னா தான் விஷயம்.

ரத்தம் பீறிட்டா, இல்ல மேடு வேகமா வளந்தா, கூப்பிட்டுக்கிட்டே அழுத்துங்க. எங்க அழுத்தணும்ங்குறதுல ஒரு நுணுக்கம் இருக்கு. ஊசி சாய்வா போறதால, தோல்ல தெரியுற ஓட்டையும் ஆர்ட்டரில இருக்குற ஓட்டையும் ஒரே இடத்துல இல்ல, ஆர்ட்டரி ஓட்டை ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் மேல, தொப்புள் பக்கமா இருக்கும். அதனால தோல் ஓட்டைக்குக் கொஞ்சம் மேல மூணு விரலை வச்சு, கை முட்டியை மடக்காம உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்க. துணியை மேல மேல அடுக்கிக் கட்டுறது ரத்தத்தை மறைக்கும், நிறுத்தாது. நின்னுச்சான்னு ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, நர்ஸோ டாக்டரோ வந்து கையை வாங்கிக்கிற வரைக்கும் விடாதீங்க.

இனி சொல்றதுதான் ரொம்ப மோசமானது, ஏன்னா வெளிய ஒண்ணுமே தெரியாது. ஊசி கொஞ்சம் மேல தள்ளி ஏறிட்டா அந்த இடத்துல அழுத்துறதுக்கு அடியில எலும்பு இருக்காது, ரத்தம் வயித்துக்குப் பின்னாடி, முதுகு ஓரமா போய் சேரும், லிட்டர் கணக்குல சேந்தாலும் கட்டு காஞ்சே இருக்கும். அந்தப் பக்கத்து இடுப்பு வலி, முதுகு வலி, அடிவயித்து வலி, திடீர்னு வேர்க்குறது, தலை சுத்துறது, வெளுத்துப் போறது, பிபி இறங்குறது இதெல்லாம்தான் அறிகுறி. ரொம்ப நேரம் மல்லாக்கப் படுத்ததால முதுகு வலிக்குதுன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க, பாதி நேரம் அதுவாத்தான் இருக்கும், ஆனா வலியோட வேர்வையோ மயக்கமோ பிபி இறங்குறதோ சேந்தா விடக்கூடாது. பல்ஸ் வேகமா இல்லையேன்னு ஏமாறவும் கூடாது, மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் சாப்பிடுறவங்களுக்கு ரத்தம் போனாலும் பல்ஸ் அவ்வளவா ஏறாது. "வயித்துக்குப் பின்னாடி ரத்தம் போகுதான்னு பாருங்க டாக்டர், சிடி தேவையா?"ன்னு நேரா கேளுங்க.

ஷீத்தை உருவும்போதே சிலருக்கு குப்புன்னு வேர்த்து குமட்டல் வந்து பல்ஸும் பிபியும் ரெண்டுமே இறங்கும், அது வலிக்கும் பயத்துக்கும் வர்ற ரியாக்‌ஷன், காலைத் தூக்கி வச்சு மருந்து கொடுத்தா கொஞ்ச நேரத்துல சரியாகிடும். சரியாகலைன்னா அது வேற.

ரெண்டு நாள், சில சமயம் ஒரு வாரம் கழிச்சு வர்றது இன்னொண்ணு. தொடை இடுக்குல ஒரு கட்டி, தொட்டா பல்ஸோட சேந்து துடிக்கும், வலிக்கும். ஆர்ட்டரி ஓட்டை மூடாம, ரத்தம் வெளிய ஒரு பை மாதிரி சேந்து போய் வந்துட்டு இருக்குன்னு அர்த்தம், சூடோ அனியூரிஸம்னு ரிப்போர்ட்ல எழுதுவாங்க. டாப்ளர் ஸ்கேன்ல (ரத்த ஓட்டத்தைக் காட்டுற ஸ்கேன்) தெரிஞ்சுடும். சின்னதா 2 சென்டிமீட்டருக்குள்ள இருந்தா பல நேரம் தானா உறைஞ்சு மூடும், ஸ்கேன்ல பாத்துட்டே இருப்பாங்க, பெருசா இருந்தா ஸ்கேன் பாத்துக்கிட்டே அந்தப் பைக்குள்ள த்ராம்பின்னு ஒரு மருந்தை ஊசி வழியா விட்டு உறைய வைப்பாங்க, வேகமா வளருது, தோல் கெடுது, சீழ் பிடிச்சிருக்குன்னா ஆபரேஷன். அந்தக் கட்டியை நீவி விடுறது, ஒத்தடம் கொடுக்குறது, எண்ணெய் தேச்சு கரைக்கிறது எதுவும் பண்ணிடாதீங்க. கை வச்சா சர்ருன்னு அதிர்ந்துக்கிட்டே இருக்குன்னா அது ஆர்ட்டரியும் வெயினும் ஒட்டிக்கிட்டது, அதுக்கும் டாப்ளர்தான்.

மணிக்கட்டுல பண்ணிருந்தா

காத்து அடிச்ச ஒரு பேண்டைக் கட்டிவிட்டு கொஞ்சம் கொஞ்சமா காத்தை எடுப்பாங்க. விரலெல்லாம் லேசா நீலம் பாய்றது, மதமதன்னு இருக்குறது பேண்ட் இறுக்கத்துல வரும், சொன்னா தளர்த்துவாங்க, நீங்களே தளர்த்தாதீங்க. பேண்டை ரொம்ப இறுக்கி ஆர்ட்டரில ஓட்டமே இல்லாம வச்சா அது அடைச்சுக்கிற வாய்ப்பு அதிகம், அதனால ரத்தம் கசியாத அளவுக்கு மட்டும் அழுத்தி, உள்ள ஓட்டம் இருக்குற மாதிரி வைக்கிறதுதான் நல்ல பழக்கம்.

பயப்பட வேண்டியது முன்னங்கை வீக்கம். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல இறுகி, விரலை மெல்ல பின்னாடி நீட்டுனாலே உயிர் போற வலி, வலி மாத்திரைக்கும் அடங்கல, விரல் மரத்துப் போகுதுன்னா உள்ள ரத்தம் சேந்து தசையையும் நரம்பையும் நசுக்குது, இது மணிக்கணக்குல பாத்துட்டு இருக்குற விஷயமே இல்ல, சர்ஜன் உடனே வரணும். வீட்டுக்கு வந்தப்புறம் மணிக்கட்டுல ரத்தம் வந்தா உக்காந்து, ஓட்டை மேலயும் கொஞ்சம் முழங்கைப் பக்கமாவும் விரலால அழுத்தி, கையை உயத்தி 15 நிமிஷம் விடாம பிடிங்க, நிக்கலைன்னா பிடிச்சபடியே கிளம்புங்க. பின்னாடி மணிக்கட்டுல பல்ஸ் இல்லைன்னு தெரிஞ்சா வலி இல்லைன்னாலும் சொல்லுங்க, சீக்கிரம் சொன்னா திறக்க வழி இருக்கு, அடுத்த தடவை அந்த வழி வேணும்.

சாதாரண ட்ரிப்ஸ் ஊசி

கைல போடுற கேனுலா கலரை வச்சே சைஸ் தெரியும், மஞ்சள் 24, நீலம் 22, பிங்க் 20, பச்சை 18, நம்பர் ஏற ஏற ஊசி மெலிசு. சின்ன வெயின்ல பெரிய ஊசி போட்டா குழாய் சுவரை உரசிக்கிட்டே இருக்கும். ஊசி மேல கயிறு மாதிரி செவந்து நீளமா வலிச்சா வெயின் புண்ணாகுது, எடுத்துட்டு வேற இடத்துல போடச் சொல்லுங்க, காசு கொடுத்து போட்டதாச்சேன்னு இன்னும் ஒரு நாள் வச்சிருக்கக் கூடாது.

மருந்து வெயினை விட்டு வெளிய கசிஞ்சா வீங்கும், தோல் இழுத்த மாதிரி பளபளன்னு ஜில்லுன்னு ஆகும். சும்மா சலைன்னா கையைத் தூக்கி வச்சா வடிஞ்சிடும். கீமோ மருந்து, பிபி ஏத்துற நார்அட்ரினலின், கால்சியம் இது மாதிரி போனா தோலே அழுகலாம். அப்ப பண்ண வேண்டியது, டியூப்ல இருக்குற உருளையை உருட்டி ட்ரிப்ஸை மூடுங்க, கூப்பிடுங்க, ஊசியை மட்டும் பிடுங்காதீங்க, அது வழியா கசிஞ்ச மருந்தை எவ்வளவு முடியுமோ உறிஞ்சி எடுத்துட்டுதான் அவங்க எடுப்பாங்க. ஐஸா வெந்நியான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, டாக்சோரூபிசின்னா குளிர், வின்கிரிஸ்டின்னா சூடு, மாத்தி வச்சா இன்னும் மோசம்.

ரொம்ப அபூர்வமா கேனுலா வெயினுக்குப் பதிலா ஆர்ட்டரில போயிடும், முழங்கை மடிப்புலயும் மணிக்கட்டுலயும்தான் வாய்ப்பு அதிகம். டியூப்ல ரத்தம் பளிச்சுன்னு சிவப்பா துடிச்சு துடிச்சு மேல ஏறும், மருந்து போட்டதும் விரல் நுனி வரைக்கும் நெருப்பா எரியும், கை வெளுக்கும். "எரியும்மா, அப்படித்தான்"னு சொன்னாலும் "விரல் வரைக்கும் எரியுது, விரல் வெளுத்திருக்கு, நிறுத்துங்க"ன்னு சத்தமா சொல்லுங்க. இங்கயும் ஊசியைப் பிடுங்கக்கூடாது, மாத்து மருந்து அது வழியாவே கொடுக்க வேண்டி வரலாம்.

கழுத்து லைன், டயாலிசிஸ்

கழுத்துல லைன் போட்டப்புறம் அந்தப் பக்கம் வீங்குறது, குரல் மாறுறது, மூச்சு இழுக்குறது மூணும் அவசரம். பெரிய டியூப் தவறி ஆர்ட்டரில ஏறிட்டா உருவக்கூடாது, அதுவே ஓட்டைக்கு மூடியா நிக்குது, வாஸ்குலர் சர்ஜன் (ரத்தக்குழாய் சர்ஜன்) வந்துதான் எடுக்கணும். லைனை எடுக்கும்போது உக்கார வச்சு எடுக்க விடாதீங்க, படுக்க வச்சுதான் எடுக்கணும், மூச்சை அடக்கச் சொல்லுவாங்க, அப்புறம் காத்து புகாத மாதிரி ஒட்டுவாங்க, இல்லைன்னா அந்த ஓட்டை வழியா காத்து உள்ள போய் இதயத்துல மாட்டிக்கும்.

ஃபிஸ்டுலா இருக்குறவங்க தினம் காலைல அது மேல விரலை வச்சுப் பாருங்க, அதிர்வு இருக்கணும். அதிர்வு நின்னிருந்தா அடைச்சிருக்கு, அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் காத்திருக்காம அன்னிக்கே போங்க. வீட்டுல அதுல இருந்து ரத்தம் பீறிட்டா துண்டைச் சுத்தாதீங்க, துண்டு உறிஞ்சுக்கிட்டே இருக்கும், ரத்தம் வந்துட்டே இருக்கும். ஓட்டை மேலயே விரல் நுனியால அழுத்துங்க, இல்ல ஒரு பாட்டில் மூடியை குழிவான பக்கம் தோலைப் பாத்த மாதிரி கவுத்து வச்சு அழுத்துங்க, கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஆம்புலன்ஸுக்கு சொல்லுங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம்

முழங்கால் மூட்டு மாத்துறப்போ எலும்புக்குப் பின்னாடியே காலுக்குப் போற பெரிய ஆர்ட்டரி ஓடுது, அபூர்வமா அது நசுங்கும், கிழியும், அடைக்கும். இதுல இருக்குற சிக்கல் என்னன்னா வலிக்காம இருக்க முதுகுலயோ தொடையிலயோ மருந்து போட்டிருப்பாங்க, அதனால மரத்துப் போறதும் அசைக்க முடியாததும் அந்த மருந்தால வருதா, ரத்தம் ஓடாததாலயான்னு குழப்பம் வரும். அந்த நேரத்துல நம்பக்கூடியது சூடும் நிறமும் பல்ஸும்தான். விரல் நுனியை அழுத்தி விட்டா வெளுத்து, 2 செகண்டுக்குள்ள திரும்ப நிறம் வரணும், அடுத்த காலோட ஒப்பிடுங்க. கட்டு விரல் வரைக்கும் மூடியிருந்தா விரல் தெரியுற மாதிரி விடச் சொல்லுங்க.

முதுகு டிஸ்க் ஆபரேஷன்ல டிஸ்குக்கு முன்னாடியே வயித்துப் பெரிய குழாய்ங்க ஓடுது, முதுகுல ஒரு சொட்டு ரத்தம் இல்லாம வயித்துக்குள்ள போகலாம், வயிறு உப்புறது, பிபி இறங்குறதுதான் தெரியும். அது இல்லாம ஆர்ட்டரியும் வெயினும் சேந்துட்டா மாசக்கணக்குக்கு அப்புறம் கால் வீக்கம், மூச்சு வாங்குறதுன்னு வந்து இதய டாக்டர்கிட்ட போய் நிப்பாங்க, அப்ப டிஸ்க் ஆபரேஷன் பண்ணதை மறக்காம சொல்லணும். லேப்ராஸ்கோப்பில (வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்ற ஆபரேஷன்) முதல் ஓட்டை போடும்போது வர்ற காயம் பெரும்பாலும் மேஜையிலேயே தெரிஞ்சிடும், அது நம்ம கைல இல்ல.

சொல்றது எப்படி

"ஒரு மாதிரி இருக்கு"ன்னு சொல்லாதீங்க. எது, எந்தப் பக்கம், எப்பல இருந்து, கூடுதா குறையுதா. "வலது பாதம் 5 மணில இருந்து ஜில்லுன்னு இருக்கு, இடது சூடா இருக்கு, குறி போட்ட இடத்துல பல்ஸ் கிடைக்கல, வந்து தொட்டுப் பாருங்க." நார்மல்தான்னு பதில் வந்தா, தொட்டுப் பாத்துட்டு சொன்னாங்களான்னு கவனிங்க. தொட்டுப் பாத்து, பல்ஸ் இருக்குன்னு சொன்னா நிம்மதியா இருங்க. வாசல்ல நின்னே சொன்னா "டாப்ளர் வச்சு பல்ஸ் ஒரு தடவை பாத்துடுங்க, ட்யூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க"ன்னு மரியாதையா, விடாம கேளுங்க, எந்த மணிக்கு யார்கிட்ட சொன்னீங்கன்னு போன்ல குறிச்சுக்குங்க. சண்டை போட்டா சண்டைதான் நடக்கும், காலை யாரும் பாக்க மாட்டாங்க. இந்தக் காயம் கைதேர்ந்தவங்களுக்கும் வரும், வந்ததாலயே தப்புன்னு ஆகிடாது, ஆனா சொல்லியும் மணிக்கணக்குல யாரும் வந்து பாக்கலைன்னா அதைக் கேள்வி கேக்கலாம், அப்ப அந்தக் குறிப்பும் கேஸ் ஷீட் காப்பியும் வேணும்.

வீட்டுக்கு வந்தப்புறம்

தொடையில ஊதா, பச்சை, மஞ்சள்னு நிறம் மாறி கீழ முட்டி வரைக்கும் இறங்குறதைப் பாத்துட்டு நிறைய பேர் அலறுவாங்க, அது தோலுக்கு அடியில இருந்த பழைய ரத்தம் கரைஞ்சு இறங்குறது, ரெண்டு மூணு வாரத்துல போயிடும். சின்ன உருண்டை ஒண்ணு வலிக்காம, துடிக்காம, வளராம இருந்தா அதுவும் சரி. ஒரு வாரம் 4, 5 கிலோவுக்கு மேல தூக்காதீங்க, முக்காம டாய்லெட் போற மாதிரி பாத்துக்குங்க, தொட்டில உக்காந்து குளிக்கிறது, நீச்சல் வேண்டாம், மேல ஊத்திக் குளிக்கிறது அவங்க சொன்ன நாள்ல இருந்து பரவாயில்ல.

காய்ச்சல், குத்துன இடத்துல சீழ், துடிக்கிற கட்டி, நடந்தா அந்தக் கெண்டைக்கால் மட்டும் பிடிச்சு இழுக்குறது, காலோ கையோ மொத்தமா வீங்குறது இதுக்கெல்லாம் அன்னிக்கே போங்க. பல்ஸ் நல்லா இருந்தும் கால் விரல் மட்டும் நீலமா வலியோட மாறுனாலும் போங்க, குழாய் சுவர்ல இருந்த கொழுப்புத் துகள் உடைஞ்சு போய் நுனில அடைச்சிருக்கலாம், சில வாரம் கழிச்சும் வரும், அதே துகள் கிட்னியையும் கெடுக்கும், கிரியாட்டினின் பாக்கச் சொல்லுங்க. ரத்தம் பீறிட்டாலோ ஒரு காலு திடீர்னு ஜில்லிட்டு வெளுத்தாலோ நீங்களே வண்டி ஓட்டிட்டுப் போகாதீங்க, படுத்து அழுத்திக்கிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

டிஸ்சார்ஜ் சம்மரில எந்த ஆர்ட்டரி, எந்தப் பக்கம், எத்தனை ஃப்ரெஞ்ச் ஷீத், ஓட்டையை அழுத்தி மூடினாங்களா இல்ல பிளக் (ஓட்டையை அடைக்கிற சின்ன அடைப்பான்) வச்சாங்களான்னு எழுதியிருக்கான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாருங்க. கரையுற பிளக்ல சில வகை மறைய 90 நாள் வரைக்கும் ஆகும், அதுக்குள்ள அதே தொடையில திரும்ப குத்த வேண்டி வந்தா அவங்க இடம் மாத்திக் குத்தணும், அதுக்குன்னு ஒரு சின்ன கார்டு கொடுப்பாங்க, ஃபைல்ல போட்டு அலமாரில வைக்காம பர்ஸ்ல வைங்க.